களவு போன போனையும் லேப்டாப்பையும் தேட

தக்கலையில் எங்கள் வீட்டு அடுக்களைக் கதவை உடைத்துத் திருடியபோது நாங்கள் செய்தது இது. உள்ளே எதையும் தொடாதீர்கள், கைரேகை அழிந்துவிடும். 112-க்கு அழையுங்கள். எஃப்ஐஆர் போடச் சொல்லி விடாமல் கேளுங்கள், நகல் இலவசம். வங்கிக்குச் சொல்லி யுபிஐ-யை நிறுத்துங்கள்.

அப்புறம் போன் வந்த பெட்டியைத் தேடுங்கள். அதில் ஐஎம்இஐ எண் இருக்கும், அதாவது போனின் 15 இலக்க அடையாள எண். இரட்டை சிம் போனுக்கு இரண்டு. அதே நம்பருக்குப் புது சிம் வாங்கி, புகார் நகலோடு, களவு போன போன்களை முடக்கும் மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் பதியுங்கள். போன் முடங்கும், யாராவது வேறு சிம் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும். லேப்டாப்புக்கு இந்த வசதி இல்லாதது எனக்கு இன்றும் ஆதங்கம்தான். அதன் சீரியல் எண்ணைப் புகாரில் சேர்த்து, மார்த்தாண்டம், நாகர்கோவில் பழைய லேப்டாப் கடைகளிலும் சொல்லி வையுங்கள். மேப்பில் போன் இருக்கும் இடம் தெரிந்தாலும் தனியாகப் போகாதீர்கள், போலீசிடம் காட்டுங்கள்.