விசைப்பலகை ஃபர்ம்வேர்: போர்டு மாற்றும்போது எங்கே சறுக்குகிறது

சொந்தமாக விசைப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் ப்ரோ மைக்ரோ என்ற சிறு போர்டில் 4 என்று அச்சிட்டிருக்கும் துளைக்கு, க்யூ.எம்.கே. என்ற ஃபர்ம்வேரில் (விசைப்பலகைக்குள் ஓடும் மென்பொருளில்) டி4 (D4) என்று பெயர். அதைப் பார்த்ததும், எண்ணுக்கு முன்னால் டி போட்டால் போதும் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். நானும் கட்டினேன். ஆனால் 2 என்பது டி1, 3 என்பது டி0, 5 என்பது சி6, 7 என்பது ஈ6. போர்டில் இருப்பது அர்டுயினோ எண். ஃபர்ம்வேர் கேட்பதோ ஏ.டி.மெகா32யு4 சிப்பின் சொந்தப் பெயர். 4 மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது. ஃபர்ம்வேரைத் தொகுக்கும் கம்பைலரும் தப்பைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் சிப்பில் டி5 என்றும் ஒரு கால் (பின்) இருக்கிறது. போர்டின் சின்ன எல்.இ.டி.க்குப் போவது அது. இரண்டு நெடுவரிசை செத்துக் கிடக்க, சால்டர்தான் சரியில்லை என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சூடு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விசை மட்டும் மௌனம் என்றால் சால்டரைப் பாருங்கள். மொத்த விசைப்பலகையும் மௌனம், ஆனால் கணினி அதை அடையாளம் காண்கிறது என்றால் முதலில் டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு பாகம்) திசையைச் சந்தேகப்படுங்கள். எல்லா டயோடும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஒன்றையும் பிடுங்க வேண்டாம். ஃபர்ம்வேர் கோப்பில் 'கால்-டு-ரோ' (COL2ROW) என்பதை 'ரோ-டு-கால்' (ROW2COL) என்று திருப்பி எழுதினால் வேலை முடிந்தது.

அப்புறம், ஏ.டி.மெகாவை விட்டு ஆர்.பி.2040 என்ற புதிய சிப்புக்குத் தாவுவது. பலர் தாவுவது நினைவக இடத்துக்காக: பழைய சிப்பின் 32 கே.பி.யில் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) போக 28 கே.பி.தான் மிஞ்சும், வண்ண விளக்கு, ஓலெட் திரை, வயா (விசைகளைக் கணினியிலிருந்தே மாற்றும் வசதி) என்று சேர்த்தால் நிரம்பிவிடும். ப்ரோ மைக்ரோ வடிவிலேயே வரும் ஆர்.பி.2040 போர்டு என்றால் கால் பெயர்களைக் கையால் மாற்ற உட்காராதீர்கள். க்யூ.எம்.கே.யில் 'கன்வர்ட்-டு' என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. அதே சிப் உள்ள ராஸ்பெரி பை பிக்கோ போர்டுக்கு இது உதவாது, அதன் கால் அமைப்பே வேறு. புதிய சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது என்பதையும் மறக்க வேண்டாம். யு.எஸ்.பி.க்கு முந்தைய பி.எஸ்.2 விசைப்பலகையின் 5 வோல்ட் கம்பியை நேரே அதில் செருகினால் சிப் போய்விடலாம்.

இதையெல்லாம் தாண்டியும் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கென்று ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணை 'அ' ஆக்குவது கணினி. இது புரியாமல் தமிழ்99 (தமிழ் விசை அமைப்பு) எழுத்துகளை ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப் போகிறவர்கள் உண்டு. யூனிகோடு அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் லினக்ஸுக்கு ஒரு முறை, விண்டோஸுக்கு வேறு முறை. எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது.

இதைவிட நுணுக்கமானது, ஆங்கிலத்துக்காக ஃபர்ம்வேரில் கோல்மேக் (வழக்கமான குவெர்ட்டிக்கு மாற்றான விசை அமைப்பு) வைத்திருப்பவர்கள் படும் பாடு. குவெர்ட்டியில் எஃப் (F) இருக்கும் இடத்தில் கோல்மேக்கில் டி (T) வருகிறது. தமிழ்99இல் அந்த எஃப் புள்ளி, டியோ 'ஏ'. ஆக, புள்ளி வைக்கப் போன விரல் 'ஏ' போடும். 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' வரும், 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ல' வரும். ஃபர்ம்வேர் ஒரு முறையும் கணினி ஒரு முறையும் மாற்றினால் வேறென்ன ஆகும்? ஒன்று, ஃபர்ம்வேரைக் குவெர்ட்டியில் விட்டுவிட்டுக் கோல்மேக்கைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். நான் செய்தது வேறு: ஃபர்ம்வேரில் குவெர்ட்டிக்கென்று தனி லேயர் (விசை அடுக்கு) ஒன்று, அதற்கு மாற ஒரு விசை. கணினியில் தமிழுக்கு மாறும் குறுக்குவழியையும் அதே விசையில் மேக்ரோவாக (ஒரே அழுத்தில் பல விசைகள்) சேர்த்துவிட்டேன்.