மார்பகக் கட்டி மாதிரிகள்: ஆடிட்டில் நழுவவிடும் இடங்கள்

பல மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய் ஆடிட் (தரச் சோதனை) என்றால் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு, கட்டியின் அளவு, கிரேடு (வீரியத்தின் படி), மார்ஜின் (வெட்டிய ஓரம்), நிணநீர்க் கணு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று டிக் அடிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அத்தனை கட்டமும் நிரம்பிய ரிப்போர்ட்டிலும் முடிவு தப்பாக இருக்கலாம். ஏனென்றால் திசு கெடுவது நுண்ணோக்கிக்கு வருவதற்கு வெகு முன்பே.

முதலில் மூன்று நேரங்களைத் தேடுங்கள்: கட்டியை உடலிலிருந்து எடுத்த நேரம், ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்ட நேரம், ஃபார்மலினிலிருந்து எடுத்துப் பிராசசிங்குக்கு (மெழுகில் பதிக்கத் தயார்செய்வது) அனுப்பிய நேரம். முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். இது தவறினால், கட்டியில் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருந்தும் நெகட்டிவ் என்று வரக்கூடும். அந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகள் பலன் தரக்கூடிய மாத்திரை எழுதப்படாமலே போய்விடும். வெள்ளிக்கிழமை அறுவை மாதிரிகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். வார இறுதியில் லேப் மூடியிருந்தால் 72 மணி எல்லை அங்கேதான் மீறப்படும். படிவத்தில் ‘உடனே போட்டோம்’ என்று எழுதியிருந்தால் அதை நேரமாக ஏற்காதீர்கள்.

நேரம் சரியாக இருந்தாலும் போதாது. முழு மார்பகத்தை வெட்டாமல் டப்பாவில் அமுக்கி வைத்தால், மறுநாள் வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் இறுகியிருக்கும். நடுவே அறுத்தால் கட்டி இன்னும் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும். ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும், ஏறக்குறைய மணிக்கு ஒரு மில்லிமீட்டர். அதனால் மாதிரியை வெட்டிய நேரத்தையும் ஆடிட் படிவத்தில் சேருங்கள். லேப் வந்ததும் ஓரங்களுக்கு மை பூசி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி, அடுக்குகளுக்கு நடுவே காஸ் துணி வைத்து, திசுவைப் போல் பத்து மடங்கு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் மூழ்கவிட வேண்டும். மை பூசும் முன் அறுவை அரங்கிலேயே கீறிப் பார்ப்பது கூடாது. மார்ஜின் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கோரிக்கைப் படிவத்தில் வலமா இடமா, எந்தத் தையல் எந்தப் பக்கம் என்பவை பெரும்பாலும் இருக்கும். விடுபடுவது, அறுவைக்கு முன் கீமோ கொடுத்த விவரம். கட்டி சுருங்கிப்போன இடத்தில் எங்கே பிளாக் (மெழுகில் பதிக்கும் திசுத் துண்டு) எடுப்பது என்று தெரியாமல் லேப் தடுமாறும்.

கணக்கிடும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. உதாரணத்துக்கு, 100 மாதிரிகளில் 40-க்கு நேரமே எழுதப்படவில்லை. மீதி 60-இல் 57 சரி. இதை 95% என்று காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நிரூபிக்க முடிந்தது 57% மட்டுமே. நேரம் எழுதாததையும் தவறியதாகவே எண்ணுங்கள்.

கடைசியாக, ஹார்மோன் ஏற்பி நெகட்டிவ் என்று வந்த ஸ்லைடுகளை எல்லாம் திரும்ப எடுங்கள். கட்டிக்குப் பக்கத்திலுள்ள இயல்பான பால் நாளங்களிலும் சாயம் ஏறவில்லையென்றால் அந்த நெகட்டிவை நம்பாமல், வேறு பிளாக்கிலோ முதல் ஊசி பயாப்சியிலோ மறுபடி செய்யச் சொல்லுங்கள்.