ஆற்றில் ஏறிப் போக ஒரு ரைசோடஸ்: பழக்கக்கூடிய பழங்கால மீனை வடிவமைப்பது எப்படி

சர்வைவல் கேமுக்கு, அதாவது காட்டுத் தீவில் உயிர் பிழைத்து விலங்குகளைப் பழக்கும் மாதிரியான விளையாட்டுக்கு, ஒரு நீர்வாழ் சவாரி விலங்கை யோசி என்றால் பெரும்பாலானவர்கள் நேராகக் கடலில்தான் போய் இறங்குகிறார்கள். பழங்கால விலங்குகளைப் பழக்கிச் சவாரி செய்யும் ‘ஆர்க்’ (ARK) கேமையே பாருங்கள், மெகலோடான், பாசிலோசரஸ், மோசாசரஸ், டங்க்ளியோஸ்டியஸ் என்று கடலில் ஏறி உட்கார ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால் தீவுக்குள் ஓடும் ஆறும் சதுப்பும், சார்கோசூகஸ் என்ற பழங்கால முதலை மாதிரி ஒன்றிரண்டை விட்டால், பிரானாவிடம் கடி வாங்கும் இடமாகத்தான் நிற்கின்றன. ஆகவே நாம் ஆற்றுக்கு ஒரு மீன் செய்வோம். நான் தேர்ந்தெடுப்பது ரைசோடஸ்.

ஏன் ரைசோடஸ் என்றால், உடம்பே பாதி வடிவமைப்பைச் செய்து கொடுத்துவிடுகிறது. கார்பனிஃபெரஸ் காலத்து நன்னீர் வேட்டை மீன் இது, சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்துப் பக்கத்து ஏரிகளிலும் சதுப்புகளிலும் வாழ்ந்தது. எடின்பரோ அருகே பர்டிஹவுஸ் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த எச்சங்கள் 1830களிலேயே ஆராயப்பட்டுவிட்டன. நீளம் 6 முதல் 7 மீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். கீழ்த்தாடையின் முன்முனையில் பெரிய கோரைப்பல், சதைப்பற்றான அடிப்பகுதிக்குள் உறுதியான எலும்பு கொண்ட மார்புத்துடுப்புகள், முதுகுத்துடுப்பு இரண்டும் வாலை ஒட்டிப் பின்னால். (டைனோசர்கள் வர இன்னும் 10 கோடி ஆண்டுகள் பாக்கி. எல்லாக் காலத்து விலங்குகளையும் ஒரே தீவில் கொட்டும் கேமுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.)

ஒரு எச்சரிக்கை: நீளத்தை மட்டும் நம்பி எதையும் கட்டாதீர்கள். பழங்கால மீன்களின் நீளம் அடிக்கடி மாறும். டங்க்ளியோஸ்டியஸ் என்ற கவசத்தலை மீனை ரொம்ப நாள் 6 மீட்டருக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2023இல் வந்த ஓர் ஆய்வு அதை 4 மீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டது. லீட்சிக்திஸ் என்ற ராட்சத மீனை 27 மீட்டர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், 2013இல் அது 16 மீட்டர் சொச்சத்துக்கு வந்து நின்றது. நீளம்தான் உங்கள் மீனின் ஒரே கவர்ச்சி என்றால் அடுத்த ஆய்வுக் கட்டுரையோடு அது போய்விடும். ஆனால் டங்க்ளியோஸ்டியஸ் வாயைத் திறக்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும் என்று 2007இல் கணக்கிட்டார்களே, அந்த மாதிரித் தகவலில்தான் கேமுக்கான விஷயம் இருக்கிறது, ஏனென்றால் அது விளையாடுபவரின் கையில் ஒரு பட்டனாக மாறும்.

அடுத்து, மீனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். யோசனை எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்வது என்னவென்றால், கல் வெட்டும், எண்ணெய் எடுக்கும், விஷம் கக்கும், இருட்டில் ஒளிரும், கூடவே கூட்டாளிகளுக்குக் காயமும் ஆற்றும் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போவது. அப்படி ஒரு மீனை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரைசோடஸின் வேலை, கலங்கிய ஆழமில்லாத நீரில் பதுங்கியிருந்து பிடிப்பது. அவ்வளவுதான். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு வரிக்கு உதவுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், உதவவில்லையென்றால் வெட்டிவிடுங்கள்.

பார்வையிலிருந்து தொடங்கலாம். கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை. மீன்களுக்குப் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு இருக்கிறது, தண்ணீரின் அசைவை அது பிடிக்கும், ஆனால் கிட்டத்தில் மட்டும், ஏறக்குறைய உடல் நீளத்தில் ஒன்றிரண்டு மடங்கு தூரம். 6 மீட்டர் மீனுக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேமில் 15 வரை தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சவாரி செய்யும்போது ஒரு பட்டனை அழுத்தினால் திரை மங்கி, அசைகிற பொருள்கள் மட்டும் அலைவட்டமாகத் தெரிய வேண்டும். அசையாமல் நிற்பது தெரியவே கூடாது. இதுதான் முக்கியம், ஏனென்றால் எதிரி ஆட்டக்காரருக்கும் இப்போது தப்ப ஒரு வழி கிடைக்கிறது: மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவரையும் சிவப்பு நிறத்தில் காட்டும் வழக்கமான உணர்வுத் திறனில் இந்தப் பதற்றம் வராது.

பாய்ச்சலுக்கு எண்கள் வேண்டும். கேம் செய்யும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில், நகரும் பாத்திரங்களுக்கென்று தயாராக இருக்கும் கேரக்டர் வகுப்பில் இயல்பான நீச்சல் வேகம் நொடிக்கு 300 செ.மீ., நடை 600. நீந்தும் மனிதரை 1 என்று வைத்தால், ரைசோடஸின் சாதாரண வேகம் 1.3 போதும், பாய்ச்சல் 4 மடங்கு, அதுவும் ஒன்றரை நொடிக்கு மட்டும். நான்கு நொடி அசையாமல் கிடந்தால்தான் பாய்ச்சல் தயாராகும். அந்தக் கோரைப்பற்கள் குத்திப் பிடித்துவைக்கவே ஏற்றவை, மென்று தின்ன உதவாது, அதனால் கடியின் சேதத்தைக் குறைவாகவே வையுங்கள். கவ்விப் பிடித்து ஆழத்துக்கு இழுப்பதுதான் உண்மையான ஆயுதம்.

சரி, பழக்குவது. மயக்க அம்பு விட்டு வீழ்த்தி இறைச்சியைத் திணிக்கும் முறை பதுங்கும் மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது, தண்ணீருக்குள் சுருண்டு மிதக்கும் மீனைக் காவல் காப்பது சலிப்பான வேலையும்கூட. கையால் ஊட்டிப் பழக்கும் வழியே நல்லது, ஆனால் அதில் ஆட்டக்காரர் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் மீனைக் கண்டுபிடிக்கட்டும். எலும்பு மீன்களின் முன்னோர்களுக்கே நுரையீரல் இருந்தது என்பதுதான் பரவலான கருத்து, எனவே ரைசோடஸ் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகட்டும். குளத்தில் விரால் மூச்சு வாங்க வந்து ஒரு புரட்டுப் புரண்டு உள்ளே போகுமே, அதே அசைவு, அதே குமிழிகள், ஆனால் ஒரு லாரி அளவில்.

பிறகு இரை. இது அசைவை வைத்து வேட்டையாடும் மீன், ஆகவே செத்த இறைச்சியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. உயிருள்ள, காயம்பட்ட சின்ன மீன் ஒன்றைப் பிடித்து வந்து, இடுப்பளவு நீரில் நின்றபடி அதை நீரில் விட வேண்டும். நின்றபின் ஆட்டக்காரரின் அசைவு ஒவ்வொன்றும் ஒரு அதிர்வு அளவியில் ஏறும்: தலையைத் திருப்பலாம், ஓரடி வைத்தால் ஏறும், ஓடினால் நீங்களே இரை. முதல் முறை மீன் தொலைவிலேயே இரையைக் கவ்விக்கொண்டு போய்விடும். இரண்டாம் முறை கைக்கெட்டும் தூரத்தில். மூன்றாவதற்கு இரையைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், 7 மீட்டர் மீன் கலங்கலிலிருந்து நேராக வரும்போது நகராமல் நிற்பதுதான் பரீட்சை. இதற்கிடையில் ரத்த வாடைக்குப் பிரானா வரும், தண்ணீரில் நின்று சண்டை போட்டால் அதிர்வு ஏறிவிடும், எனவே முன்னமே ஆற்று வளைவின் இரு பக்கமும் வேலி போட்டு ஆற்றைச் சுத்தம் செய்து வைப்பதும், கரையில் ஒரு நண்பரை வில்லோடு நிறுத்துவதும் ஆட்டக்காரரின் சொந்தப் புத்திசாலித்தனம். சொதப்பினால் முன்னேற்றத்தை முழுதாக அழிக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். அழித்துவிட்டால் கேமை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே பழகிய அதே அசையாமைதான் பிறகு சவாரியில் பாய்ச்சலுக்கும் வேண்டும், அதனால் தனியாக டுடோரியல் எதுவும் தேவையில்லை.

சேணம் எங்கே போடுவது? மீன் பக்கவாட்டில் வளைந்து நீந்துகிறது, வாலருகே உட்காரவைத்தால் ஆள் ஊஞ்சலாடுவார், கேமராவும் கூடவே ஆடி விளையாடுபவருக்குத் தலைசுற்றும். தலைக்குச் சற்றுப் பின்னால், உடலின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் ஆட்டம் மிகக் குறைவு. ரைசோடஸின் முதுகுத்துடுப்புகள் பின்னால் இருப்பதால் அந்த இடம் காலியாகவே கிடைக்கிறது. கேமராவை மாடலை அசைக்கும் எலும்புக்கூட்டோடு கட்டாமல் விலங்கின் மைய இயக்கத்தோடு கட்டுங்கள்.

மோதல் வடிவம், அதாவது விலங்கு எதில் முட்டுகிறது என்று கேம் கணக்கிடப் பயன்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத உருவம்தான், பலரும் கடைசியில் கவனிக்கும் தலைவலி. அன்ரியலின் கேரக்டருக்கு இயல்பாக வருவது செங்குத்தான கேப்சூல் (மாத்திரை வடிவம்), 7 மீட்டர் நீள மீனுக்கு அது நடுவயிற்றை மட்டும் மூடும், மூக்கும் வாலும் பாறைக்குள் புகுந்து வெளியே வரும். தலைக்கும் வாலுக்கும் தனித்தனியாக, முட்டலைக் கண்டறியும் சோதனைக் கோளங்கள் வைத்து, தலை முட்டினால் திரும்பும் வேகத்தைக் குறையுங்கள். அழகான மாடல் செய்யும் முன்பே ஒரு சாம்பல் நிற உருளையை ஆற்றில் ஓட்டிப் பாருங்கள். உடல் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம் இல்லாத ஆற்றில் இந்த மீன் திரும்பாது, அப்போது வரைபடத்தை மாற்றுவதா மீனைச் சுருக்குவதா என்று அன்றே முடிவு செய்துவிடலாம்.

பலவீனங்களை விட்டுவிடாதீர்கள். கடலுக்குப் போனால் ஸ்டாமினா (செலவழிந்து மீளும் உடல்தெம்பு அளவு) மீளவே கூடாது. தரையில் நடக்கவிடும் ஆசை எல்லாருக்கும் வரும், மார்புத்துடுப்பில் எலும்பு இருக்கிறதே என்று, ஆனால் வேண்டாம். அரை மீட்டர் நீரில் சேற்றை உந்தி நகர்ந்து மணல்திட்டைத் தாண்டட்டும், அதற்கே ஸ்டாமினா வேகமாகக் கரையட்டும். பாய்ச்சல் தவறிவிட்டால் 12 நொடிக்குப் பின்தான் அடுத்தது, அந்த இடைவெளியில் கரையில் நிற்பவர் ஈட்டியால் குத்த முடிய வேண்டும்.

சேணத்துக்கான பொருள்கள், இனப்பெருக்கம், கொன்றால் கிடைப்பது எல்லாம் கேமின் வழக்கப்படி விட்டுவிடலாம், சேணம் ஆட்டத்தின் நடுக்கட்டத்தில் திறந்தால் போதும். ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் பிவிபி சர்வருக்கு மட்டும் ஒரு விதி கட்டாயம்: கவ்விப் பிடிப்பது 5 நொடிக்கு மேல் நீடிக்கக் கூடாது, பிடிபட்டவர் பட்டனைத் தட்டித் தட்டி அதை 3 நொடியாகக் குறைக்க முடிய வேண்டும், விடுபட்ட ஆளை அதே மீன் உடனே மறுபடி கவ்வ முடியாதபடி 20 நொடித் தடை வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாலத்தடியிலும் ஒரு ரைசோடஸ் கிடக்கும், புதிதாக வருபவர் யாரும் ஆற்றைக் கடக்க முடியாது.