இலங்கையின் வடக்கே, வன்னிப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா?

முதலில் பாடசாலை அதிபரைச் சந்தியுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. நான் கிளிநொச்சிப் பக்கம் தரம் 3 உடன்தான் தொடங்கினேன்.

முதல் நாள் "விருப்பமானதைக் கீறுங்கோ" என்றேன். 26 தாள்கள் வந்தன. முக்கால்வாசியில் இரண்டு மலை, நடுவில் சூரியன். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றாலும் அப்படியொரு மலை தெரியாதே!

சரி, அடுத்த கிழமை எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு பூவரசம் இலை. இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்க, அதன்மேல் தாளை விரித்து, பஸ்டல் நிறக்குச்சியைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அதே இலையைப் பார்த்துக் கீறவிடுங்கள். ஒரு சின்னவள் பூச்சி தின்ற ஓட்டையையும் விடாமல் கீறியிருந்தாள். அதைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

எல்லோரிடமும் பஸ்டல் இருக்காது. இருப்பதை உடைத்து, நாலு பேருக்கு ஒரு மாஜரின் டப்பாவில் போடுங்கள். அடுப்புக்கரி, மஞ்சள்தூள், செங்கல் துண்டும் நல்ல நிறம் தரும்.

பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. "இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கள், போதும்.

கிழமைக்கு ஒருநாள், 40 நிமிடம். மழையென்றாலும் சொன்ன நாளில் போய் நில்லுங்கள். வாசலில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.