வெங்காயத் தோலில் செல் கொள்கை: உயிருள்ள செல்லை நீங்களே பார்ப்பது எப்படி?

செல் கொள்கையைப் பள்ளியில் மூன்று வரிகளாக ஒப்பித்திருப்போம். உயிரினங்கள் யாவும் செல்களால் ஆனவை. உயிரின் அடிப்படை அலகு செல். ஏற்கெனவே உள்ள செல்லிலிருந்தே புதிய செல் தோன்றுகிறது. இவற்றில் நடு வரி எழுதுவதற்கு எளிது, நம்புவதற்குக் கடினம். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, 'செங்கல் அடுக்கியது போல் இருந்தது' என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தச் செங்கல் ஒவ்வொன்றும் அப்போது உயிரோடு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கண்ணால் பார்க்கும் வழி இது. ஒரு மாலைப் பொழுது போதும். (இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் 'செல்' என்று வரும் இடமெல்லாம் 'கலம்' என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

தேவையானவை

400 மடங்கு வரை பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கி, ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்புகள், இடுக்கி, பிளேடு, கருஞ்சிவப்பு நிறப் பெரிய வெங்காயம் (தென் மாவட்டங்களில் பல்லாரி), உப்பு, சர்க்கரை, மளிகைக் கடையில் கிடைக்கும் ஈஸ்ட், மருந்துக்கடை அயோடின் கரைசல், கிடைத்தால் கொஞ்சம் மெத்திலீன் நீலம். சின்ன வெங்காயத்தில் முயல வேண்டாம். தோலை உரிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

படி 1: தோலை உரித்தல்

வெங்காயத்தை நான்காக நறுக்கி, சதைப்பற்றான ஓர் இதழை எடுங்கள். அதன் உட்குழிவான பக்கத்தை இடுக்கியால் கிள்ளி இழுத்தால் கண்ணாடித் தாள் போன்ற சவ்வு வரும். நகத்தளவு போதும். ஸ்லைடில் ஒரு சொட்டு நீர் விட்டு, சுருக்கம் விழாமல் விரியுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். நான் முதன்முதலில் பார்த்து, வரைந்து, 'உட்கரு' (செல்லின் கட்டுப்பாட்டு மையம்) என்று பெயரும் எழுதியது அப்படி ஒரு குமிழியைத்தான். கறுத்த, தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது காற்று.

படி 2: அயோடின் இட்டுப் பார்த்தல்

எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். லென்ஸை முதலில் ஸ்லைடுக்கு அருகே கொண்டுபோய், பிறகு விலக்கிக்கொண்டே தெளிவு தேடுங்கள். மாறாகச் செய்தால் கவர் ஸ்லிப் உடையும்.

நீள் செவ்வக அறைகள் தெரிந்ததும், கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மை உறிஞ்சும் தாளை வையுங்கள். கரைசல் தானாக உள்ளே இழுக்கப்படும். சிறிது நேரத்தில் ஒவ்வோர் அறையிலும் பழுப்பு நிறப் புள்ளி தோன்றும். அதுதான் உட்கரு. 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்கிட் செடிகளில் கண்டு பெயரிட்டது இதைத்தான். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், வெங்காய இதழின் இந்தத் தோலில் அது கிடையாது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படிப் பார்த்தால் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள்: அயோடின் பட்ட செல் இறந்துவிடுகிறது. இப்போது பார்ப்பது சடலம். 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து 'செல்', அதாவது சிற்றறை, என்று பெயர் வைத்தபோதும் அவர் கண்டது காலியான சுவர்களையே. குடியிருந்தவர் எப்போதோ போய்விட்டார்.

படி 3: உப்பு நீர்ச் சோதனை

இதற்காகத்தான் இந்தப் பதிவே. இம்முறை இதழின் வெளிப்பக்கம், கருஞ்சிவப்பாக உள்ள தோல் வேண்டும். அது எளிதில் உரியாது. பிளேடால் அரை செ.மீ. சதுரமாகக் கீறி, ஒரு மூலையைத் தூக்கி உரியுங்கள். சாயம் எதுவும் வேண்டாம். நீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். செல் முழுக்க நிறம் ததும்பி நிற்கும். அந்த நிறம் வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பையில் இருக்கிறது. சில செல்களில் நிறமே இராது, குழம்ப வேண்டாம்.

100 மி.லி. நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அயோடினை இழுத்ததுபோலவே உள்ளே இழுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். ஓரிரு நிமிடங்களில் நிறப்பகுதி மூலைகளிலிருந்து விலகி, சுருங்கி, செல்லின் நடுவில் உருண்டையாக நிற்கும். வெளிச்சுவர் அப்படியே இருக்கும். செல்லுக்குள் இருந்த நீர், சுவருக்கு உள்ளே செல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வைக் கடந்து உப்பை நோக்கி வெளியேறியிருக்கிறது. நிறமி மட்டும் வெளியேற முடியாமல் உள்ளே நிற்கிறது. பிளாஸ்மா சிதைவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விட்டுக்கொள்வதும் இவ்வாறே தொடங்குகிறது.

இப்போது நல்ல நீரை உள்ளே இழுங்கள். சுருங்கியது மெல்ல விரிந்து மீண்டும் சுவரைத் தொடும். எல்லாச் செல்களும் மீளாது. உப்பில் நெடுநேரம் கிடந்தவை இறந்திருக்கும்.

படி 4: கொதிநீர்

அதே தோலில் இன்னொரு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். நிறம் நீரில் கசிந்துவிடும். நுண்ணோக்கியில் சுவர்கள் அப்படியே இருக்கும். ஆனால் உப்பு நீரை எவ்வளவு இழுத்தாலும் முன்பு கண்ட சுருக்கம் வராது. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று தேர்ந்துகொண்டிருந்த சவ்வு வெந்துபோயிற்று. இந்த இரண்டு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் 'அடிப்படை அலகு' என்ற சொல் எனக்குப் பொருள்பட்டது. உயிர் இருந்ததும் போனதும் அந்தச் சிற்றறைக்குள்தான்.

விலங்குச் செல்லும் பார்க்க விரும்பினால், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் லேசாகத் தேய்த்து ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலம் இடுங்கள். சுவர் இல்லாததால் மடிந்து கசங்கிய தாள் போல் இருக்கும். நடுவே அதே உட்கரு.

படி 5: செல்லிலிருந்து செல்

1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்லே அடிப்படை என்றார்கள். ஆனால் கற்கண்டு படிவதுபோலப் புதிய செல் ஒருவகைத் திரவத்திலிருந்து திரண்டு உருவாகிறது என்று இருவரும் நம்பினார்கள். செல் பிளந்தே செல் வருகிறது என்பதை ராபர்ட் ரீமாக் வளரும் விலங்குக் கருக்களில் கண்டு 1852இல் எழுதினார். 1855இல் அதை ஊரறியச் சொன்ன ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவின் பெயரே பாடநூலில் நின்றது. ரீமாக்குக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் பார்ப்பதற்கு ஈஸ்ட் போதும். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே நுரை கட்டும்; சர்க்கரையைத் தின்ற செல்கள் விடும் கரியமில வாயு அது. ஒரு சொட்டை எடுத்துப் பத்துச் சொட்டு நீரில் கலக்குங்கள், இல்லாவிட்டால் திருவிழாக் கூட்டம்தான் தெரியும். 400 மடங்கில் முட்டை வடிவச் செல்கள் தெரியும். சிலவற்றின் பக்கத்தில் சிறு மொட்டு ஒட்டியிருக்கும். தாய்ச் செல்லிலிருந்து புடைத்துவரும் மகள் செல் அது.

மிக நீர்த்த மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் இறந்த செல்கள் நீலமாகும், உயிருள்ளவை நிறமின்றி நிற்கும். சாயம் இடாத இன்னொரு ஸ்லைடில் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரங்களிலும் வாஸ்லைன் தடவி உலராமல் அடைத்துவிடுங்கள். மொட்டு விட்ட ஒரு செல்லைத் தேர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே செல்லை வரையுங்கள். அறை குளிராக இருந்தால் வளர்ச்சி மந்தமாகும்; ஸ்லைடை இடையிடையே உள்ளங்கைச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம்.