கியோகுரோ டீ: கோளாறு இலையில் இல்லை

ஜப்பானின் உஜி ஊரில் விளையும் கியோகுரோ ஒரு விசித்திரமான கிரீன் டீ. பறிக்கும் முன் சுமார் 20 நாள் செடியை நிழலுக்குள் வைப்பதால் ருசி தரும் தியானின் என்ற அமினோ அமிலம் குறையாமல் தங்கி, பாசி மணத்தோடு இனிக்கும். எனக்கோ சூடாகப் போட்டால் கசப்பு. ஐஸில் போட்டால் சப்பென்று, கலங்கலாக.

தண்ணீரை 60 டிகிரிக்கு ஆற்றினேன். கசப்பு போனது, ருசி வரவில்லை. இலையைக் கூட்டியும் ஊறும் நேரத்தைக் குறைத்தும் பார்த்தாயிற்று. ம்ஹூம்.

கடைசியில் துப்பு கொடுத்தது கோப்பையின் மேல் மிதந்த மெல்லிய ஏடு. கெட்டில் அடியிலும் வெள்ளைப் படிவு. எங்கள் போர் தண்ணீரின் கால்சியம்! ஜப்பான் தண்ணீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த மென்னீர். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியதும் சூடான டீ தெளிந்தது: இளம்பச்சை நிறம், வெந்த கீரை வாசனை, நாக்கில் நிற்கும் இனிப்பு.

ஐஸ் டீ மட்டும் மசியவில்லை. ஃப்ரீசர் ட்ரேயில் உறைந்திருந்ததும் அதே போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. ஐஸ் கட்டிகளை இலைமேல் அடுக்கித் தானாக உருக விட்டேன். நேரம் பிடிக்கும், கிடைப்பதும் நாலு மடக்குதான். ஆனால் குளிரில் கசப்பைத் தரும் கேட்டச்சினும் கஃபீனும் மெதுவாகவே இறங்குவதால் கசப்பே இல்லை. சூடானதைவிட இதுதான் ஒசத்தி. ஊறிய இலையைக் கொட்டாமல் துளி சோயா சாஸ் விட்டுச் சாப்பிடலாம்.