லேஷாஃப்டை உருவும் முன் ஒரு போலி ஷாஃப்ட்

பழைய காரின் கியர் பாக்ஸை முதன்முதலாகப் பிரித்த அன்று லேஷாஃப்டை, அதாவது கீழ்க் கியர் கொத்தைத் தாங்கும் தண்டை, ஒரே தள்ளில் உருவிவிட்டேன். உள்ளே மணல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். அந்தக் கொத்துக்குள் பேரிங்காக உட்கார்ந்திருந்த ஊசி உருளைகள் அத்தனையும் பெட்டியின் அடியில் கிடந்தன. மொத்தம் எத்தனை என்று எண்ணி வைத்திருக்கவில்லை. அதனால் பொறுக்கிய பிறகும் எல்லாம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

நான் சொல்வது மேல் மூடி வைத்த, பின்சக்கரம் இழுக்கும் காரின் 4 கியர் பெட்டி. வண்டியிலிருந்து இறக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம். பெட்டியின் எடையைக் கிளட்ச் பிளேட்டில் தொங்கவிடக் கூடாது, பிளேட் வளைந்துவிடும். பழைய கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆயிலைச் சூடு இருக்கும்போதே வடியுங்கள். பித்தளைப் பொடி மினுங்கினால், கியர் விழும் முன் வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையம் தேய்கிறது. எஃகுச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

நியூட்ரலில் வைத்து மேல் மூடியைக் கழற்றினால், கியரைத் தள்ளி மாற்றும் ஃபோர்க்குகளும் அதோடு வந்துவிடும். ஃபோர்க்குகள் ஏறி நிற்கும், மூடியில் இருக்கும் கம்பிகளை உருவுவதாக இருந்தால் துவாரத்தின் மேல் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் தெறிக்கும், நான் ஒன்றை அலமாரிக்கு அடியில் தேடியிருக்கிறேன். கம்பிகளுக்கு இடையே ஒரு சின்ன முளை இருக்கும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுப்பது அதுதான், மறந்துவிட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பூட்டே இப்போது நமக்கு உதவும். ஃபோர்க் இல்லாததால் இரண்டு ஸ்லீவையும் (ஃபோர்க் தள்ளும் வளையங்கள்) கையால் தள்ளி இரண்டு கியரைச் சேர்த்துப் போடுங்கள். ஷாஃப்ட் சுற்றாது, பின்பக்க ஃபிளாஞ்சின் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தும் தட்டு) பெரிய நட்டை நிம்மதியாகத் தளர்த்தலாம். சில பெட்டிகளில், கிளட்ச்சிலிருந்து வரும் முன் ஷாஃப்டின் நட்டு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வராத நட்டோடு மல்லுக்கட்டும் முன் கையேட்டைப் பாருங்கள்.

சரி, லேஷாஃப்டுக்கு வருவோம். போலி ஷாஃப்டாக, அதே விட்டத்தில் ஒரு கம்பி வேண்டும். கியர் கொத்து, அதன் இருமுனையிலும் உரசலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் எல்லாம் சேர்ந்த நீளத்தைவிடத் துளி குறைவாக, முனை மழுங்கச் சீவியிருக்க வேண்டும். லேஷாஃப்டை நிறுத்தும் பூட்டு முள்ளையோ தகட்டையோ முதலில் எடுங்கள். அப்புறம் அசல் ஷாஃப்டின் முனையோடு போலியை ஒட்டவைத்து, இடைவெளி விடாமல் மெல்லத் தட்டித் தள்ளுங்கள். அசல் வெளியே வர, போலி உள்ளே போய் உருளைகளைத் தாங்கும். கொத்து சற்றுக் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் முன் ஷாஃப்டையும், பின்னால் போகும் மெயின் ஷாஃப்டையும் எடுக்க வழிவிடுகிறது. முன் ஷாஃப்டின் குழிக்குள்ளும் சின்ன உருளைகள் உண்டு. தட்டு வைத்துப் பிடியுங்கள், எண்ணி எழுதுங்கள்.

வெளியே வந்த லேஷாஃப்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். உருளை ஓடிய இடத்தில் குழி தட்டினால் ஷாஃப்டும் உருளைகளும் சேர்ந்தே மாறவேண்டும்.

சின்க்ரோ ஹப்பை (ஸ்லீவ் ஏறி நகரும் நடுப்பகுதி) பிரிக்கும் முன் ஸ்லீவிலும் ஹப்பிலும் நேருக்கு நேர் புள்ளி குத்துங்கள். துணியில் சுற்றித் தள்ளுங்கள், இல்லையேல் குண்டுகள் பறக்கும். பித்தளை வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தித் திருப்பினால் அது பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் கியரின் நாய்ப் பற்களுக்கும் (ஸ்லீவ் வந்து மாட்டும் சின்னப் பற்கள்) இடையே இடைவெளி தெரிய வேண்டும். இரண்டும் முட்டினால் புதிய வளையம்தான். வளையத்தில் பித்தளை இருப்பதால் ஜிஎல்-5 ரகக் கியர் ஆயிலையும் யோசிக்காமல் ஊற்றாதீர்கள். அதன் கந்தகச் சேர்மானம் மஞ்சள் உலோகத்தை அரிக்கலாம். உங்கள் பெட்டிக்குக் கையேடு சொல்வதை ஊற்றுங்கள், சில பழைய பெட்டிகளுக்கு அது இன்ஜின் ஆயிலே.

கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது உருளைகளுக்கு மட்டும் தனிக் குழி ஒதுக்கி, அட்டையிலேயே எண்ணிக்கையைப் பேனாவால் எழுதிவிடுகிறேன்.